முறையீடு, பெட்டிஷன், தீர்வு: நீதி நாடும் சொற்களின் பொருள்நிலை – ஆரணிப் பட்டு நெசவுக் களத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குறைபட்டவர் ஒருவர் நீதியை நாடிச் செல்லும் செயலைக் குறிக்கத் தமிழில் பழஞ்சொற்களும் கடன்சொற்களும் அடுக்கடுக்காக வழங்கிவருகின்றன. இவற்றுள் ‘முறையீடு’, ‘விண்ணப்பம்’, ‘பிராது’, ‘மனு’, ‘பெட்டிஷன்’ ஆகியவற்றின் பொருளையும் இலக்கண அமைப்பையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. ஆங்கிலச் சட்ட நடையில் வேறுபடுத்தப்படும் ‘ரெமடி’, ‘ரிட்ரெஸ்’, ‘ரிகோர்ஸ்’ என்னும் மூன்று கருத்துகளும், அவற்றோடு ‘ஒரு மனுவை முடித்துவைத்தல்’ என்னும் நான்காவது கருத்தும் இன்றைய ஆட்சித் தமிழில் ‘தீர்வு’ என்னும் ஒரே சொல்லுள் அடங்கிவிடுவதால் நேரும் பொருள் மயக்கத்தை எடுத்துக்காட்டுகிறது. ஆரணியின் ஆட்சி வரலாறும் பட்டு நெசவாளர் நீதி நாடும் வழிகளும் இதற்குக் களமாகின்றன.

திறவுச்சொற்கள்: முறையீடு, மனு, பெட்டிஷன், குறைதீர், தீர்வு, தீர்வழி, ஆட்சித் தமிழ், ஆரணி.

1. முன்னுரை

ஆங்கிலச் சட்ட நடையில் ‘ரெமடி’, ‘ரிட்ரெஸ்’, ‘ரிகோர்ஸ்’ என்னும் மூன்று சொற்கள் நெருங்கி வழங்குகின்றன. மூன்றும் இடருற்றவர் நீதி நாடும் சூழலுக்கு உரியவை. ஆயினும் ஒருபொருட் சொற்கள் அல்ல. ‘ரெமடி’ என்பது குணப்படுத்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. அது மருந்தையும் குறிக்கும், சட்டம் அளிக்கும் பரிகாரத்தையும் குறிக்கும். ‘ரிட்ரெஸ்’ என்பது கோணியதை மீண்டும் நேராக்குதல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. ‘ரிகோர்ஸ்’ என்பதன் வேர்ப்பொருள் திரும்பி ஓடுதல் ஆகும். இடர் வந்தவிடத்து ஒருவர் யாரிடம், எவ்வழியே செல்ல உரிமையுடையவர் என்பதையே அது குறிக்கும். சுருங்கக் கூறின், ‘ரிகோர்ஸ்’ செல்லும் வழி. ‘ரிட்ரெஸ்’ குறை நேராக்கப்படுதல். ‘ரெமடி’ அதற்குக் கருவியாகச் சட்டம் தரும் பொருள்.

இம்மூன்றையும் தமிழில் எவ்வாறு கூறுவது என்பது கலைச்சொல்லாக்கச் சிக்கல் மட்டும் அன்று. அரசு அலுவலகத்தில் தாள் ஒன்றை நீட்டி நிற்பவர்க்கு அதன்மேல் எழுதப்படும் ஒரு சொல் எதனைத் தருகிறது, எதனைத் தரவில்லை என்பது அச்சொல்லின் பொருள் வரையறையைப் பொறுத்தது. ஆகவே இக்கட்டுரை சொல்வரலாற்றிலிருந்து தொடங்கி, ஆட்சி வழக்கிற்கு வந்து, சொற்பரிந்துரையில் முடிகிறது.

2. களம்: ஆரணி

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டுச் சேலை நெசவால் அறியப்படும் ஊர். செங்குந்தரும் சௌராட்டிரரும் உள்ளிட்ட பல சமூகத்தார் இத்தொழிலில் வாழ்கின்றனர். இவ்வாய்வுக்கு ஆரணி பொருந்துவது நெசவால் மட்டும் அன்று. ஆட்சிமொழிகள் அடுக்கடுக்காகப் படிந்த ஊர் அது என்பதாலும் ஆகும். பதினேழாம் நூற்றாண்டில் பீஜப்பூர் ஆட்சியின் கீழ் மராட்டியப் பிராமணக் குடும்பம் ஒன்றுக்கு ஆரணி ஜாகீராக வழங்கப்பெற்றது. அதன் அண்மையிலுள்ள ஆர்க்காடு, பாரசீகத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட நவாபுகளின் இருக்கையாக விளங்கியது. 1801இல் கருநாடகப் பகுதியின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சென்றபின் ஆங்கிலம் மேலெழுந்தது. தமிழ், மராத்தி, பாரசீகம், ஆங்கிலம் என்னும் நான்கு மொழிகளிலும் ஆள்வோரை நோக்கிப் பேசவேண்டிய தேவை இவ்வட்டாரக் குடிகளுக்கு வெவ்வேறு காலங்களில் இருந்தது.

நீதி நாடிச் செல்லும் தொலைவும் இவ்வூரில் பலமுறை மாறியுள்ளது. ஆரணி அடங்கிய வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடம் 1911 வரை சித்தூர், அதன்பின் வேலூர், 1989 செப்டம்பர் 30இல் மாவட்டம் பிரிக்கப்பட்டதிலிருந்து திருவண்ணாமலை. இன்றும் மாவட்ட ஆட்சியரை நேரில் காண ஏறத்தாழ 60 கிலோமீட்டர் செல்லவேண்டும். நெய்த சேலைக்கே கூலி பெறும் நெசவாளர்க்கு இப்பயணம் பேருந்துக் கட்டணத்தோடு முடிவதில்லை. தறி ஓடாத ஒரு நாளின் கூலியும் அதில் அடங்கும். ‘வழி’ என்னும் கருத்து இவ்வாய்வில் முதன்மை பெறுவதற்கு இதுவே காரணம்.

3. முறை: குரலும் ஒழுங்கும்

தமிழில் நீதி நாடுதலுக்குரிய பழஞ்சொற்களுள் தலையாயது ‘முறை’ என்பதன் வழிவந்தது. முறை என்பது அடைவு, ஒழுங்கு, உறவு, நீதி எனப் பல பொருள் உணர்த்தும். ‘முறையிடுதல்’ என்னும் வினையில், நிலவவேண்டிய ஒழுங்கு குலைந்தது என்னும் குற்றச்சாட்டும், அதனை மீட்டுத் தருக என்னும் கோரிக்கையும் ஒருங்கே உள்ளன. ‘முறையோ’ எனக் கூவுதலும் அதுவே. ஆகவே முறையிடுபவர் ஆள்வோரின் அருளை மட்டும் வேண்டுபவர் அல்லர். ஆள்வோரையும் கட்டுப்படுத்தும் ஓர் ஒழுங்கை நினைவூட்டுபவர் ஆவார்.

திருக்குறளில் இச்சொல் பெறும் வினைகள் நோக்கத்தக்கவை. செங்கோன்மை அதிகாரத்தில் 548ஆம் குறள், எளிதிற் காணப்படாதவனாய், ஆராய்ந்து முறை செய்யாத மன்னன் தானே கெடுவான் என்கிறது. கொடுங்கோன்மை அதிகாரத்தில் 553ஆம் குறள், நாள்தோறும் நாடி முறை செய்யாதவனின் நாடு நாள்தோறும் கெடும் என்கிறது. இங்கு ‘நாடுதல்’ என்னும் வினைக்கு எழுவாய் மன்னன். குறை எங்கே உள்ளது எனத் தேடி ஆராயும் கடன் அவனுடையது. இன்றைய செய்தி நடையில் ‘பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தை நாடினார்’ என்றே எழுதுகிறோம். வினை மாறவில்லை, வினைமுதல் மாறிவிட்டது. தேடும் கடமை ஆள்வோரிடமிருந்து இடருற்றவருக்குப் பெயர்ந்ததை இந்த ஒரு வினையின் வரலாறு காட்டுகிறது.

புறநானூற்றின் 35ஆம் பாடல் இதற்கு மற்றொரு சான்று. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடியது இது. முறை வேண்டுவார்க்கு வேண்டிய பொழுதில் எளியராய் அமையும் அரசரைக் காண்பது, மழை வேண்டிய பொழுதில் மழை பெறுவதற்கு நிகர் என்பது பாடலின் கருத்து. பாடலின் அடிக்குறிப்பு, புலவர் இதனைப் பாடித் தம் பழைய செய்க்கடனை நீக்கிக்கொண்டார் என்று பயனையும் பதிவுசெய்கிறது. சொல்லப்பட்ட இடமும் சொன்ன முறையும் கிடைத்த பயனும் தனித்தனியே தெரியுமாறு அமைந்த பதிவு இது.

முறை நிலைநாட்டப்படுதல் வேறு, இழந்தது மீளுதல் வேறு என்பதைச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை உணர்த்துகிறது. கண்ணகி வாயிலோன் வழியே அறிவித்து அரசவை புகுகிறாள், வழக்கை உரைக்கிறாள், சிலம்பைச் சான்றாக்குகிறாள், அரசன் தன் பிழையை ஏற்கிறான். செல்லும் வழி திறந்திருந்தது, முறையும் வென்றது. எனினும் கோவலன் உயிர் மீளவில்லை. ‘ரிகோர்ஸ்’ இருந்தும் ‘ரெமடி’ இல்லாமற் போகக்கூடும் என்னும் வேறுபாட்டுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுத் தமிழில் அரிது.

4. விண்ணப்பமும் மெய்ப்பிப்பும்

கல்வெட்டு, செப்பேட்டு வழக்கில் ‘விண்ணப்பம்’ பெருவரவினது. ‘அறிவித்தல்’ என்னும் பொருளுடைய வடசொல்லின் திரிபு இது. பல்லவர் பட்டயங்களில் கொடையை வேண்டி அரசனுக்கு அறிவித்தவர் தனியே பெயர் சுட்டப்பெறுகிறார். முறையிடுதலில் உள்ள குலைந்த ஒழுங்கு என்னும் குறிப்பு விண்ணப்பத்தில் இல்லை. அது கீழிருந்து மேல்நோக்கிச் செல்லும் அறிவிப்பு மட்டுமே.

இழந்த உரிமையை மீட்ட வரலாற்றைக் கூறும் ஆவணங்களுள் பாண்டியன் நெடுஞ்சடையன் காலத்து வேள்விக்குடிச் செப்பேடு தனிச்சிறப்புடையது. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த இப்பட்டயத்தின்படி, பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி கொற்கைகிழான் நற்கொற்றனுக்கு அளித்த வேள்விக்குடி என்னும் ஊர் களப்பிரர் காலத்தில் பறிபோயிற்று. நற்கொற்றன் மரபினன் ஒருவன் கூடல் நகரில் அரசன்முன் உரத்துக் கூவி இதனை முறையிட்டான். அரசன் உடனே இரங்கி வழங்கிவிடவில்லை. பழைய உரிமையை நாட்டாரைக் கொண்டு மெய்ப்பித்துப் பெற்றுக்கொள்ளுமாறு பணித்தான். மெய்ப்பிக்கப்பட்டபின் ஊர் மீண்டும் அளிக்கப்பெற்றது.

இந்நிகழ்வில் நான்கு படிகள் உள்ளன: குரல், கேட்கும் இடம், மெய்ப்பித்தல், மீட்டளித்தல். நான்காம் படி முடிந்த பின்னரே செப்பேடு வெட்டப்பட்டது. ஆவணம் பயனுக்குப் பிந்தியது. இன்றைய நடைமுறையிலோ ஆவணம் முதற்படி. அதன் மேலெழுதும் முடிவுரை, பல சமயங்களில் இறுதிப்படி.

5. பிராது முதல் மனு வரை

பாரசீகமும் இந்துஸ்தானியும் ஆட்சிமொழிகளாக விளங்கிய காலத்தில் தமிழ் ஏற்ற நீதிச் சொற்கள் பல. பிராது, புகார், தாவா, அர்ஜி, ராஜி, பைசல், ஜப்தி, வக்கீல், அமீனா என அவை விரியும். இவற்றுள் ‘பிராது’ உதவிக்குக் கூவுதல் என்னும் பொருளுடைய ‘பர்யாத்’ என்னும் பாரசீகச் சொல்லின் திரிபு. ‘புகார்’ கூவியழைத்தலைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல். காவிரிப்பூம்பட்டினத்தின் பெயரான புகாரோடு அதற்குத் தொடர்பில்லை. ஆங்கிலத்தின் ‘அப்பீல்’ என்பதும் விளித்தல் என்னும் இலத்தீன் வேரினது. ‘முறையோ’ என்னும் கூவலையும் சேர்த்து நோக்கின், வெவ்வேறு மொழிகளில் நீதி நாடும் சொற்கள் மனிதக் குரலிலிருந்தே பிறந்தமை புலனாகும்.

‘மனு’ என்னும் சொல் இவ்வரிசையில் வேறுபட்டது. தெலுங்கிலும் கன்னடத்திலும் வேண்டுகோள் என்னும் பொருளில் வழங்கும் ‘மனவி’யோடு இது ஒப்பிடத்தக்கது. ஒலியொப்புமையால் இது மனுநீதிச் சோழன் தொன்மத்தோடு இணைந்துவிட்டது. ஆராய்ச்சி மணியைப் பசு அசைத்த கதையைத் தமிழர் அனைவரும் அறிவர். மாவட்ட ஆட்சியர் ஊர்களுக்குச் சென்று மனுப் பெறும் நாளுக்குத் தமிழக அரசு ‘மனுநீதி நாள்’ எனப் பெயரிட்டுள்ளமை இவ்விணைப்பின் பயன். பெயர் இனிது. எனினும் தொன்மத்தில் பசு மனுக் கொடுக்கவில்லை; மணியை அசைத்தது. கேட்டவன் தானே எழுந்து வந்து காரணம் தேடினான். மனு என்பதோ தாள். இன்றைய வழக்கில் ‘மனு’ என்றால் கோரிக்கை என்பதைவிடக் கோரிக்கை எழுதப்பட்ட தாள் என்பதே முதற்பொருள். குரலிலிருந்து தாளுக்கு நிகழ்ந்த பெயர்ச்சி இச்சொல்லில் நிறைவுறுகிறது.

‘பைசல்’ என்பதும் தனியே குறிக்கத்தக்கது. முடிவு, தீர்ப்பு என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்த இது, தமிழில் ‘கணக்கைப் பைசல் செய்தல்’ எனக் கொடுக்கல் வாங்கலை முடித்தலுக்கும், ‘வழக்கைப் பைசல் செய்தல்’ என முடிவுகட்டுதலுக்கும் வழங்கிற்று. முடித்தலுக்கென்றே தனிச்சொல் ஒன்று அன்று இருந்தது. அச்சொல் அருகியபின் அதன் பணியையும் ‘தீர்வு’ ஏற்றது.

6. பெட்டிஷன்: ஒரு கடன்சொல்லின் இலக்கணம்

எழுத்து வழக்கில் ‘மனு’ நிலைபெற்றபோதும் பேச்சு வழக்கில் ‘பெட்டிஷன்’ மறையவில்லை. இருசொல் ஒருபொருள் என இதனைக் கொள்ள இயலாது. வினையும் வேற்றுமையும் இவற்றைப் பிரிக்கின்றன.

‘ஆட்சியரிடம் மனுக் கொடுத்தார்’ என்பது இயல்பான தொடர். இதில் இன்றியமையாத பங்கேற்பாளர் மனுவைப் பெறுபவர். எதிராளி பெரும்பாலும் சுட்டப்படுவதில்லை. ‘அவர்மேல் பெட்டிஷன் போட்டார்’ என்னும் தொடரில் இன்றியமையாதவர் எதிராளி. பெறுபவர் யார் என்பது பின்னுக்குச் செல்கிறது. ‘கேஸ் போடு’, ‘பழி போடு’ என்பவற்றோடு ‘பெட்டிஷன் போடு’ ஓரினம். ‘மனு’ ‘-இடம்’ என்னும் உருபை வேண்டுகிறது. ‘பெட்டிஷன்’ ‘-மேல்’ என்னும் உருபை விரும்புகிறது. முன்னது மேலோரை நோக்கிய பணிவு. பின்னது எதிரியை நோக்கிய தாக்கு. பெயரின்றி எழுதப்படுவதற்கு ‘மொட்டைப் பெட்டிஷன்’ என்னும் பெயர் உண்டு. ‘மொட்டை மனு’ என்பது அவ்வாறு வழங்குவதில்லை. தேடுதலோடு தாக்குதலையும் குறித்த இலத்தீன் வேரிலிருந்தே ஆங்கிலச் சொல் தோன்றியது என்பது தற்செயலான ஒற்றுமையே. தமிழில் இப்பொருள் இங்குள்ள வழக்கால் விளைந்தது.

‘ஸ்டே’, ‘ஆர்டர்’ என்பவை ‘வாங்கு’ என்னும் வினை பெறுகின்றன: ‘ஸ்டே வாங்கிவிட்டார்’. மனு கொடுக்கப்படுவது, பெட்டிஷன் போடப்படுவது, ஸ்டே வாங்கப்படுவது. பேச்சு வழக்கு தெரிந்தெடுத்த இவ்வினைகள் நீதி நாடுதலில் யார் எந்நிலையில் நிற்கின்றனர் என்பதைக் கூர்மையாக உணர்த்துகின்றன. கொடுப்பவர் காத்திருக்கிறார், வாங்குபவர் கையில் ஏதோ ஒன்று வந்துசேர்ந்துவிடுகிறது.

7. குறையும் தீர்தலும்

‘குறைதீர்’ என்னும் தொகை இன்று ஆட்சித் தமிழின் அடிப்படைச் சொல். மாவட்ட ஆட்சியரகங்களில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர் கூட்டம் நடைபெறுகிறது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மன்றங்களும், 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆணையங்களும் ‘நுகர்வோர் குறைதீர்’ என்னும் அடையோடே வழங்குகின்றன. ‘ரிட்ரெஸ்’ என்பதற்கு நேராக அமைந்த இச்சொல் நல்லாக்கம் எனினும், அதன் இரு உறுப்புகளும் பொருள் மயக்கம் உடையவை.

‘குறை’ என்பது இல்லாமையைக் குறிக்கும், குறைகூறலைக் குறிக்கும், வேண்டுகோளையும் குறிக்கும். தலைவன் தோழியிடம் குறையுற்று நிற்றலும், தோழி தலைவியைக் குறை நயப்பித்தலும் அகத்துறை அறிந்தார்க்குப் புதியன அல்ல. ஆகவே ‘குறை தீர்ந்தது’ என்றால் இல்லாமை நீங்கிற்று எனவும், குறைகூறுதல் நின்றது எனவும், வேண்டுகோள் முடிந்தது எனவும் மூவகையாகக் கொள்ள இடமுண்டு.

‘தீர்’ என்னும் வினை அதனினும் நுட்பமானது. தீர்தல், தீர்த்தல் என்பவற்றுக்கு ‘விடுதல்’ என்னும் பொருளைத் தொல்காப்பிய உரியியல் உரைக்கிறது. ‘நோய் தீர்ந்தது’ என்பதில் அது குணமாதல். ‘எண்ணெய் தீர்ந்தது’ என்பதில் இல்லாமற்போதல். ‘கணக்குத் தீர்ந்தது’ என்பதில் முடிதல். இவ்வேரிலிருந்து தீர்ப்பு, தீர்வு, தீர்மானம், வரியைக் குறிக்கும் தீர்வை ஆகியன பிறந்தன. வட்டாட்சியர் அலுவலகங்களில் ஆண்டுதோறும் நடைபெறும் ஜமாபந்திக்கு ‘வருவாய்த் தீர்வாயம்’ என்பது இன்றைய பெயர். குணமாதலும் முடிதலும் ஒரே வினையில் அடங்குவது தமிழின் வளம். ஆட்சி நடையிலோ அதுவே சிக்கல்.

‘பெறப்பட்ட மனுக்களுக்குத் தீர்வு காணப்பட்டது’ என்னும் வாய்பாட்டை எடுத்துக்கொள்வோம். கோரிக்கை ஏற்கப்பட்டது, கோரிக்கை மறுக்கப்பட்டது, மனு வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது. இம்மூன்று நிலையிலும் இவ்வாய்பாட்டை எழுத இயலும். அலுவலகக் கோப்பு மூன்றிலும் முடிகிறது. மனுதாரரின் குறை முதலாவதில் மட்டுமே தீர்கிறது. ஆங்கிலக் கோப்பு நடையில் ‘டிஸ்போஸ்டு’ என்பதும் ‘ரிட்ரெஸ்டு’ என்பதும் வெவ்வேறு. தமிழில் இரண்டும் ‘தீர்வு’ ஆகிவிடும்போது, முடித்தல் குணமாக்கலின் நற்பெயரை ஏற்றுக்கொள்கிறது.

இச்சிக்கல் புதிதன்று. சென்னை மாகாணத்தில் வரி தண்டலின்போது நிகழ்ந்த சித்திரவதைகளை ஆராய்ந்த ஆணையம் 1855இல் அளித்த அறிக்கை, சித்திரவதை உண்டென்னும் உண்மையினும், பாதிக்கப்பட்டோர் ‘ரிட்ரெஸ்’ பெறுவதிலுள்ள இடர்ப்பாடே தம்மை மிகுதியும் வருத்தியதாகக் கூறிற்று. கலெக்டரிடம் செல்லும் தொலைவு, செலவு, நாள் இழப்பு ஆகியவற்றோடு, மனு வழக்கமான மேற்குறிப்புடன் தாசில்தாருக்கே திருப்பியனுப்பப்படும் என்னும் அச்சமும் காரணமாகச் சுட்டப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவரிடமோ அவருடைய மேலாளரிடமோ மனு திரும்பிச் சேருமாயின், ‘திரும்பி ஓடுதல்’ என்னும் ‘ரிகோர்ஸ்’ வேர்ப்பொருள் தலைகீழாகிவிடுகிறது. ஓடிச் சென்றவர் நின்ற இடத்திலேயே இருக்க, தாள் மட்டும் திரும்பி வருகிறது.

8. நெசவுக் களத்தில் வழியும் பயனும்

பொருள்நிலையில் கண்ட இவ்வேறுபாடுகள் ஆரணி போன்ற நெசவூரில் எவ்வாறு செயற்படுகின்றன என்பதை இரு நிலைகளில் காணலாம்.

முதலாவது, தனிநெசவாளர் நிலை. கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் ஒருவருக்குக் கூலி நிலுவையிலோ பாவு, ஊடை, சரிகைக் கணக்கிலோ பிணக்கு எழுமாயின், அவருக்குச் சட்டம் வகுத்த வழி உண்டு. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90ஆம் பிரிவு பிணக்குகளைப் பதிவாளரிடம் கொண்டுசெல்ல இடமளிக்கிறது. கூட்டுறவு வழக்கில் அதன் பெயர் ‘தாவா’. அதன்மேல் 152ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடும், 153ஆம் பிரிவின்கீழ்ச் சீராய்வும் உண்டு. பாரசீகச் சொல்லும் பழந்தமிழ் வேரும் புதிய ஆக்கமும் ஒரே ஏணியின் படிகளாய் நிற்கின்றன.

தனியார் முதலாளியிடம் பாவு பெற்றுக் கூலிக்கு நெய்பவரின் நிலை வேறு. பாவும் பட்டும் சரிகையும் முதலாளியுடையவை; முன்பணமும் அவருடையதே. கணக்கு வாய்மொழியிலோ முதலாளியின் குறிப்பேட்டிலோ இருக்கும். வேள்விக்குடி மரபினனைப் போல உரத்துக் கூவ இவருக்கும் இயலும். மெய்ப்பிக்கச் சான்று இராது. இங்குக் குறை உண்டு. மனு எழுதவும் இயலும். ஆட்சியரகத்தில் அது பெறப்படவும் செய்யும். இல்லாதது வழி. இவர் மனுவின்மேல் ‘தீர்வு காணப்பட்டது’ என எழுதப்படுவதற்கும், கூட்டுறவு உறுப்பினரின் தாவாவில் ஆணை பிறப்பிக்கப்படுவதற்கும் உள்ள வேற்றுமையைச் சுட்டத் தனிச்சொல் தேவை.

இரண்டாவது, தொழில் முழுமைக்கும் உரிய நிலை. கைத்தறிக்கெனச் சில துணிவகைகளை ஒதுக்கி 1985இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று. தொடக்கத்தில் 22 பொருள்கள் ஒதுக்கப்பட்டன. 1996இல் அவை 11 ஆயின. கரையுடைய பட்டுச் சேலை ஒதுக்கப்பட்டவற்றுள் ஒன்று. கைத்தறியாளரைக் காக்கவந்த இச்சட்டத்தின்மேல் முதலில் நீதிமன்றத்தை நாடியோர் விசைத்தறித் தரப்பினர். வழக்குகள் நிலுவையிலிருந்த காலத்தில் சட்டம் முழு அளவில் நடைமுறைக்கு வர இயலவில்லை. 1993இல் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. கைத்தறி நெசவாளருக்குச் சட்டம் ‘ரெமடி’யை வகுத்தது, ‘ரிகோர்ஸ்’ முதலில் பயன்பட்டது மற்றொரு தரப்பினருக்கு. முன்னர்க் கண்ட ‘கொடுத்தல்–வாங்குதல்’ வேறுபாடு இங்கு வரலாறாகவே நிற்கிறது: ஒரு தரப்பு மனுக் கொடுத்தது, மறு தரப்பு ஸ்டே வாங்கியது.

9. சொற்பரிந்துரை

இந்திய அரசமைப்பின் 32ஆம் உறுப்பு, அடிப்படை உரிமைகளை நிலைநாட்ட உச்சநீதிமன்றத்தை நாடும் உரிமையைத் தருகிறது. 1948 டிசம்பர் 9இல் அரசமைப்பு அவையில் அம்பேத்கர் அதனை அரசமைப்பின் ஆன்மாவும் இதயமும் எனக் குறித்தார். தமிழில் இவ்வுரிமை ‘பரிகாரங்களுக்கான உரிமை’, ‘தீர்வு காணும் உரிமை’, ‘தீர்வழி’ எனப் பலவாறு வழங்குகிறது. இவற்றுள் ‘பரிகாரம்’ செப்பேடுகளில் கொடையோடு சேர்ந்த வரிவிலக்குகளைக் குறித்த சொல். இன்றைய பொது வழக்கில் அது கோள்தோட நீக்கத்தையே முதலில் நினைவூட்டும். ‘நிவாரணம்’ வெள்ளம், வறட்சி ஆகியவற்றுக்கு அரசு வழங்கும் உதவியாகச் சுருங்கிவிட்டது. அதில் உரிமைக் குறிப்பினும் இரக்கக் குறிப்பே மிகுதி. ‘தீர்வு காணும் உரிமை’ என்பதில் தீர்வைக் காண்பவர் யார் என்பது தெளிவில்லை. 

‘தீர்வழி’ என்பது மட்டுமே வழியையும் பயனையும் பிணைத்து, வழிக்கு முதன்மை தருகிறது. நோயையும் அதன் முதலையும் அதனைத் தணிக்கும் வாயையும் நாடுக என்னும் 948ஆம் குறளின் முறைவைப்பில் ‘வாய்’ என்பது வழியே. ஆதலின் இவ்வாக்கம் மரபுக்கு அயலானதன்று. இதனடிப்படையில் பின்வரும் வேறுபாட்டைப் பின்பற்றலாம் என இக்கட்டுரை கருதுகிறது.

‘ரிகோர்ஸ்’ என்பதற்குத் ‘தீர்வழி’ எனவும், அதனைக் கைக்கொள்ளும் செயலுக்குத் ‘தீர்வழி நாடுதல்’ எனவும் கொள்ளலாம். ‘ரிட்ரெஸ்’ என்பதற்குக் ‘குறைநீக்கம்’ என்பது, ‘குறைதீர்’ என்பதிலுள்ள மயக்கத்தைப் பெரிதும் குறைக்கும். ‘ரெமடி’ என்பதற்குத் ‘தீர்வு’ நிற்கட்டும். ஒரு மனுவைக் கோப்பளவில் முடித்தலுக்கு ‘முடித்துவைப்பு’ என்னும் சொல்லை மட்டுமே ஆளவேண்டும். அதனையும் ‘ஏற்று முடிக்கப்பட்டது’, ‘மறுத்து முடிக்கப்பட்டது’, ‘அனுப்பி முடிக்கப்பட்டது’ என வினையெச்சம் சேர்த்து எழுதினால் பொருள் ஐயமற விளங்கும். இச்சொற்களுள் எதுவும் புதுமை நோக்கிப் படைக்கப்பட்டதன்று. அனைத்தும் வழக்கிலுள்ள வேர்களே.

சூழலே பொருளை விளக்கிவிடும், ஒரு சொல் பல பொருள் உணர்த்துதல் மொழிக்கு இயல்பே என்று இதற்கு மறுப்புக் கூறலாம். அம்மறுப்பு இலக்கியத்துக்குப் பொருந்தும். ஆட்சி ஆவணத்தில் சூழலை அறிந்தவர் அலுவலர். மனுதாரர் கையில் இருப்பது சொல் ஒன்றே. பலபொருட்சொல் ஒன்றன் பொருளைத் தெரிந்தெடுக்கும் உரிமை ஒரு தரப்பிடம் மட்டும் இருக்கும்போது, மயக்கம் மொழியழகாக இராது, சமனின்மையாகிவிடும்.

10. முடிவுரை

நீதி நாடும் தமிழ்ச் சொற்கள் குரலிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து கோப்பு முடிவுக்கும் நகர்ந்துள்ளன. ‘நாடுதல்’ என்னும் வினை ஆள்வோரிடமிருந்து இடருற்றவருக்குப் பெயர்ந்துள்ளது. ‘பெட்டிஷன்’ என்னும் கடன்சொல் ‘மனு’வுக்கு மாற்றாக வரவில்லை, மனுவில் மறைந்துவிட்ட எதிராளியை வெளிப்படுத்தவே பேச்சு வழக்கு அதனைக் கைக்கொண்டுள்ளது. ‘தீர்வு’ என்னும் சொல்லோ முடித்தலையும் குணமாக்கலையும் ஒன்றாக்கி, இல்லாத குறைநீக்கத்தை உள்ளதுபோலக் காட்டவல்லது.

சொற்களைத் திருத்துவதால் மட்டும் ஆரணி நெசவாளர் ஒருவரின் நிலுவைக் கூலி வந்துசேராது. ஆனால் ‘மறுத்து முடிக்கப்பட்டது’ என எழுதப்பட்ட மனுவை வைத்துக்கொண்டு அவர் மேல்முறையீடு செய்யலாம். ‘தீர்வு காணப்பட்டது’ என எழுதப்பட்டதை வைத்துக்கொண்டு எதனை எதிர்த்து முறையிடுவது என்றே அவருக்குத் தெரியாது. ஆட்சித் தமிழ்க் கலைச்சொல் ஆய்வு இவ்விடத்திலிருந்து மேற்செல்லவேண்டும். வருவாய், கூட்டுறவு, தொழிலாளர் நலம் ஆகிய துறைகளின் மறுமொழி வாய்பாடுகளைத் தொகுத்து, ஒவ்வொன்றும் மனுதாரருக்கு எவ்வழியைத் திறக்கிறது, எவ்வழியை அடைக்கிறது என ஆராய்தல் அடுத்த பணி.